விசாரணைக்கு முந்திய தீர்ப்பு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறிச் செல்லும் சாலையை நம் வாசகர்களில் சிலரேனும் அறிந்திருப்பார்கள். அச்சாலையோடு இணைந்த இரண்டு மரணச் செய்திகளைப் பற்றி இன்று எழுத விரும்புகிறோம். 2015-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஜவ்வாது மலையிலிருந்து கூலி வேலைக்கென்று இறங்கிச் சென்றவர்கள் சிலர் ஆந்திர நாட்டு வனத்திலிருந்து பிணங்களாகத் திரும்பினார்கள். 2018-ஆம் வருஷம் மே மாதத்தில், இதே மலையின் அடிவாரத்திலுள்ள அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு மூதாட்டி ஜனக்கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். முன்னதில் கொன்றவர்கள் போலீஸார். பின்னதில் கொன்றவர்கள் சாதாரண ஜனங்கள். ஆயினும் இரண்டு சம்பவங்களும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்பது நம் துணிபு. இரண்டிலும் மனிதர்களுக்குப் பெயர் சூட்டுவது முந்திற்று, விசாரணை பிந்திற்று.

இது போலீஸாருக்கும் நியாயஸ்தலங்களுக்கும் மட்டும் உரிய விஷயமன்று. பத்திரிகை நடத்தும் நமக்கும், பத்திரிகை படிக்கும் உங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மலையும் மக்களும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய ஜில்லாக்களில் அது பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இம்மலையில்தான். நட்சத்திரங்களை ஆராயும் காவலூர் வானோக்கு நிலையம் இருப்பதும் இங்கேதான். அங்கே 1986-ஆம் வருஷம் முதல் இயங்கி வரும் பெரிய தொலைநோக்கியைப் பற்றி உலகத்து வான சாஸ்திரிகள் அறிவார்கள். ஆனால் அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் சாமையும் கேழ்வரகும் விதைத்து, புளியும் பலாவும் தேனும் விற்றுப் பிழைக்கும் ஜனங்களைப் பற்றி நம் நகரவாசிகள் அறிந்தது சொற்பம். அவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரள தேசத்தவர் என்று மயங்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ்.

ஒரு காலத்தில் இம்மலை சந்தனத்துக்குப் பெயர்போனது. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் வந்தபின், தலைமுறை தலைமுறையாகத் தாம் புழங்கிய காட்டில் நுழையவும் உத்தியோகஸ்தரின் தயவை நாட வேண்டியவர்களாக மலைமக்கள் ஆனார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அந்த நிலைமை உடனே மாறிவிடவில்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களுடைய பாத்தியதையை ஒப்புக்கொண்டது. ஆனால் தமிழ்நாட்டில் அதன்படி உரிமைப் பத்திரம் வழங்குவது பல வருஷ காலம் வழக்கில் சிக்கித் தாமதப்பட்டது. மானாவாரி நிலம், ஒரு போகச் சாகுபடி, கடன், வேலையில்லாத மாதங்கள் என்னும் இந்த நான்கினாலும் நெருக்குண்டவன் வாசலில் தரகன் வந்து நிற்கிறான். மரம் வெட்டப் பழகிய கை அவனுக்குத் தேவை.

சேஷாசலத்தில் நடந்தது

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி அதிகாலையில், திருப்பதியை அடுத்த சேஷாசல வனத்தில், செம்மரக் கடத்தலைத் தடுக்க ஆந்திர ஸர்க்கார் அமைத்திருந்த தனிப்படையினர் 20 பேரைச் சுட்டுக் கொன்றனர். மாண்டவர் அனைவரும் தமிழர்கள். திருவண்ணாமலை ஜில்லாவின் ஜவ்வாது மலைக் கிராமங்களையும் அடிவாரத்து ஊர்களையும் சேர்ந்தோர் அவர்களில் உண்டு. தருமபுரி ஜில்லாவின் சித்தேரி மலையைச் சேர்ந்தோரும் உண்டு.

போலீஸார் கூறியது இது: நூற்றுக்கு மேற்பட்டோர் மரம் வெட்டிக் கொண்டிருந்தனர்; சரணடையச் சொன்னபோது கல்லாலும் அரிவாளாலும் கோடரியாலும் தாக்கினர்; தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது. மறுதரப்புக் கூறியது இது: மாண்டவர்களில் சிலர் முதல் நாளே வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள், அவர்களோடு புறப்பட்டுத் தப்பிவந்தவர்கள் அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சிகள் தேசிய மனித உரிமைக் கமிஷன் முன் கொண்டுவரப்பட்டனர். சடலங்கள் இரண்டு இடங்களில் கிடந்தன. அருகே செம்மரக் கட்டைகள் கிடந்தன. அக்கட்டைகள் புதிதாக வெட்டியவை போலத் தோன்றவில்லையென்று படங்களைப் பார்த்தவர்கள் கேள்வி எழுப்பினர். போலீஸ் தரப்பில் ஒருவரும் உயிரிழக்கவில்லை.

இவ்விரண்டு கூற்றுகளில் எது மெய்யென்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால், நாம் எதைக் குற்றமென்று கண்டிக்கிறோமோ அதையே நாமும் செய்தவர்களாவோம். நாம் கேட்பது வேறு கேள்வி. விசாரணை தொடங்கும் முன்பே அந்த இருபது பேருக்கும் பெயர் சூட்டியது யார்?

பத்திரிகைகளின் பொறுப்பு

அன்றும் மறுநாளும் வந்த செய்திகளை நினைவு கூருங்கள். தேசத்தின் பல பாகங்களிலும் 'கடத்தல்காரர்கள்' என்ற சொல்லும் 'மோதல்' என்ற சொல்லும் தாராளமாக வழங்கின. 'போலீஸார் கூறுகிறார்கள்' என்னும் இரண்டு வார்த்தைகள் இருக்க வேண்டிய இடங்களில் இல்லை. மோதல் என்றால் இரு பக்கமும் சண்டையிட்டதாக அர்த்தம். ருசுப்படுத்த வேண்டிய விஷயமே அதுதான். கடத்தல்காரர் என்றால் சரக்கு உடையவர், அதை விற்று லாபம் பெறுபவர் என்று அர்த்தம். கூலிக்குக் கோடரி பிடிப்பவனுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, நல்லமலை முதலிய குன்றுகளிலேயே அது விளைகிறது. 1995 முதல் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுக்கு அது உட்பட்டிருக்கிறது. சீனத்தில் மேஜை நாற்காலிகளுக்கும் ஜப்பானில் வாத்தியங்களுக்கும் அதற்குக் கிராக்கி உண்டு. மலைமேல் வெட்டுகிறவனுக்குக் கிடைப்பது கூலி; கடல் கடந்து விற்கிறவனுக்குக் கிடைப்பது கொள்ளை லாபம். வெட்டியவனுக்கும் விற்றவனுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டால், ஏவினவனைப் பற்றிக் கேட்க ஒருவருக்கும் தோன்றாது. பிழையான ஒரு சொல் எவ்வளவு பெரிய கேள்வியை மறைத்துவிடுகிறது பாருங்கள்!

போலீஸ் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டென்பதை நாம் மறைக்கமாட்டோம். 2013 டிசம்பரில் அதே வனப் பிரதேசத்தில் ஆந்திர வன உத்தியோகஸ்தர் இருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. அந்தக் குற்றத்துக்காக நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். 2016-இல் திருப்பதி நியாயஸ்தலம் அவர்களை விடுதலை செய்தது. கைதுச் செய்தியை நினைவில் வைத்திருப்போர் பலர். விடுதலைச் செய்தியை நினைவில் வைத்திருப்போர் எத்தனை பேர்? உத்தியோகஸ்தர்களைக் கொன்றவர் தண்டிக்கப்பட வேண்டியதே நியாயம். அகப்பட்டவரையெல்லாம் கொலைகாரர் என்று எழுதிவிட்டதால் அந்த நியாயம் கிடைத்துவிட்டதா?

சட்டம் சொல்வது

சேஷாசலத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, 2014 செப்டம்பர் 23-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட் இத்தகைய மரணங்களைப் பற்றித் தெளிவான விதிகளை வகுத்துவிட்டது. போலீஸ் சுட்டு ஒருவர் மாண்டால் வழக்குப் பதிய வேண்டும். சம்பந்தமில்லாத வேறு போலீஸ் பிரிவினர் புலன் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்டிரேட் விசாரணை கட்டாயம். உடனடியாக வீரப் பதக்கமோ பதவி உயர்வோ கூடாது. மரம் வெட்டினான் என்பது மெய்யாகவே இருக்கட்டும். மரம் வெட்டியதற்கு மரண தண்டனை விதிக்கும் வனச் சட்டம் இந்நாட்டில் இல்லை. அப்படியே இருந்தாலும் அதை விதிக்கும் அதிகாரம் நீதிபதிக்கே உண்டு.

பின்னர் நடந்தது வாசகர்கள் அறிந்ததே. மாண்டவர் ஒருவரின் மனைவி கொடுத்த புகாரின்பேரில் கொலைக் குற்றப் பிரிவில் வழக்குப் பதிவாயிற்று. தேசிய மனித உரிமைக் கமிஷன், குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் ஸி.பி.ஐ. விசாரணையும் வேண்டுமென்று சிபார்சு செய்தது. ஆந்திர ஸர்க்கார் அதை எதிர்த்து ஹைகோர்ட்டில் தடை பெற்றது. ஒரு நாளில் சூட்டப்பட்ட பெயரை நீக்கிக்கொள்ள அக்குடும்பங்கள் வருஷக்கணக்கில் படியேற வேண்டியதாயிற்று.

நம் பக்கத்துப் பிழை

பிறர் குற்றத்தை மட்டும் எடுத்துரைப்பது நேர்மையாகாது. அந்த நாட்களில் தமிழ்நாட்டில் எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் அக்கோபத்தைத் தெலுங்கர் மீது திருப்பிவிட்டவர்களும் இருந்தார்கள். ஆந்திரப் பஸ்கள் தாக்கப்பட்டன. வண்டி ஓட்டிய தொழிலாளி சேஷாசலத்தில் யாரையும் சுட்டவனல்லன். ஹைதராபாத் ஹைகோர்ட்டில் மாண்ட தமிழருக்காக மனுப் போட்டவர்கள் ஆந்திரத்துச் சிவில் உரிமை இயக்கத்தார் என்பதை நம் மேடைகளில் எத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள்? தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் சண்டை என்று சொல்வதும் பொய்ச் செய்தியே. கைகளில் இரத்தக் கறை படாமல் லாபம் பெறும் தரகர்களும் வியாபாரிகளும் இரண்டு பாஷைகளிலும் பேசுகிறார்கள்.

சம்மதம் என்பது யாது?

'அவன் தானாகத்தானே போனான்? யார் அவனைக் கட்டி இழுத்துப் போனார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு அவர்கள் படித்த சட்டத்தைக் கொண்டே பதில் சொல்வோம்.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், வெறும் சம்மதம் போதாது, அது சுதந்திர சம்மதமாக இருக்க வேண்டும் என்கிறது. பலாத்காரம், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான கூற்று, பிழையான எண்ணம் ஆகிய இவற்றில் ஒன்றினால் பெற்ற சம்மதம் சுதந்திர சம்மதமாகாது. ஒரு காணி நிலம் வாங்குகிறவனுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. மலையில் வாழும் கூலிக்காரனுக்கு இது உண்டா? முன்பணம் கையில் திணிக்கப்படுகிறது. அபாயம் மறைக்கப்படுகிறது. வீட்டில் கடன் நெருக்குகிறது. உண்மை தெரியாதவன் செய்த தேர்வைச் சுதந்திரத் தேர்வு என்று சொல்வது, கண்ணைக் கட்டிவிட்டுக் கிணற்றோரம் நடக்கச் சொல்லி, விழுந்த பின் 'அவனாகத்தான் விழுந்தான்' என்பதைப் போன்றதாகும்.

இந்த நியாயத்தை இன்னும் ஓர் அடி மேலே கொண்டு செல்கிறோம். ஜனநாயகம் என்பதும் ஓர் ஒப்பந்தமே. இன்ன கொள்கைக்கு நாங்கள் சம்மதிக்கிறோம் என்று பிரஜைகள் வோட்டின் மூலமும் பேச்சின் மூலமும் மௌனத்தின் மூலமும் தெரிவிக்கிறார்கள். வனத்தைக் காக்கத் துப்பாக்கி வேண்டும் என்பது ஒரு கொள்கை. மலைமக்களுக்கு நிலமும் கூலியும் கொடுத்துத் தரகனின் வேரை அறுக்க வேண்டும் என்பது மற்றொரு கொள்கை. இவ்விரண்டையும் எடைபோட வேண்டியவர்கள் ஜனங்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த செய்தி 'கடத்தல்காரர்கள் ஒழிந்தார்கள்' என்பது மட்டுமே. அந்தச் செய்தியை நம்பி, 'சுட்டது சரிதான்' என்று டீக்கடையில் சொல்லிவிட்டு எழுந்து போனவனுடைய சம்மதமும் தவறான கூற்றினால் பெற்ற சம்மதமே. உண்மைச் செய்தி இல்லாத இடத்தில் விவாதம் இல்லை. விவாதம் இல்லாத இடத்தில் சுதந்திரத் தேர்வு இல்லை. பெயர் மட்டும் ஜனநாயகமாக இருக்கும்.

அத்திமூர்

அதிகாரவர்க்கம் பொய் சொன்னால்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். ஜனங்களே ஒருவருக்கொருவர் பொய்யைப் பரப்பிக்கொள்ளும் காலம் இது. 2018-ஆம் வருஷம் குழந்தை திருடும் கூட்டம் ஊருக்குள் புகுந்துவிட்டது என்ற வதந்தி கைப்பேசிகள் வழியாகத் தேசமெங்கும் பரவிற்று. அப்போது சுற்றிவந்த படங்களில் ஒன்று, கராச்சி நகரில் குழந்தைகளைக் காப்பது பற்றி நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட படம். அதன் கடைசிப் பாகத்தை வெட்டியெறிந்துவிட்டு, நடந்த குற்றத்தின் அத்தாட்சியென்று அனுப்பினார்கள். பொய்யை முழுவதும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. மெய்யின் வாலை அறுத்தால் போதும்!

சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த குடும்பம் அத்திமூர்ப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி வழி கேட்டது. பிள்ளைகளைக் கண்ட பிரியத்தில் மிட்டாய் கொடுத்தது. அவ்வளவே குற்றம். அடுத்த ஊருக்குள் சேதி முந்திப் பறந்தது. அறுபது வயதைக் கடந்த மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர். அவர்கள் யார் என்று கேட்க ஐந்து நிமிஷம் பொறுக்கவில்லை அந்தக் கூட்டம்.

அடித்தவர்களில் பெரும்பாலோர் பரம்பரைக் கொடியவர்கள் அல்லர். தம் குழந்தைகளைக் காப்பதாகவே எண்ணினார்கள். அதுதான் நம்மை அச்சுறுத்துகிறது. சந்தேகப்பட்டவனை விசாரிக்காமல் தண்டிக்கலாம் என்ற பாடத்தை அவர்கள் யாரிடம் கற்றார்கள்? 'மோதலில் பலி' என்ற செய்தியை நாள்தோறும் படித்துத் தலையசைக்கும் நம்மிடமிருந்தே கற்றிருக்கலாகாதா? ஸர்க்கார் அவசரப்பட்டால் ஜனங்களும் அவசரப்படுவார்கள். மேலே விதைத்தது கீழே முளைக்கிறது.

பஞ்சாப் தந்த பாடம்

தேசியப் பத்திரிகைகளுக்கு இது புதிய சோதனையன்று. 1919 ஏப்ரல் 13-ஆம் தேதி ஜாலியன்வாலா பாக்கில் படுகொலை நடந்தபோது பஞ்சாபிலிருந்து செய்தி வெளிவராமல் தடுத்தார்கள். பஞ்சாபின் நிலைமையை எழுதிய 'பம்பாய் கிரானிக்கிள்' ஆசிரியர் ஹார்னிமனை அதே மாதத்தில் நாடு கடத்தினார்கள். ஸர்க்கார் ஹண்டர் கமிட்டியை நியமித்தது; மாண்டவர் 379 என்று கணக்குச் சொன்னது. நம் தலைவர்கள் அதோடு திருப்தியடைந்தார்களா? காந்தியடிகள், சித்தரஞ்சன் தாஸ், அப்பாஸ் தயாப்ஜி, ஜெயகர் ஆகியோர் கூடித் தாங்களே விசாரணை நடத்தினார்கள். 1,700-க்கு மேற்பட்ட சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பரிசீலித்து, அவற்றில் ஏறத்தாழ 650-ஐ 1920-இல் தங்கள் அறிக்கையோடு வெளியிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சந்தேகத்துக்கு இடமான எந்த வாக்குமூலத்தையும் சேர்க்கலாகாது என்பதில் காந்தியடிகள் பிடிவாதமாக இருந்தார். நம் கட்சிக்கு அனுகூலமானது என்பதற்காகப் பொய்யை ஏற்கவில்லை. அதனாலேயே அந்த அறிக்கையை எதிரிகளாலும் எளிதில் தள்ள முடியவில்லை. அந்நிய ஸர்க்கார் சொன்னதை அப்படியே அச்சிட மறுத்த பரம்பரையில் வந்தவர்கள் நாம். சுதேச ஸர்க்கார் சொல்வதை மட்டும் வேதவாக்காகக் கொள்ளலாமா?

பெயர் சூட்டிக் கொல்வதும் அந்நிய ஆட்சியின் வழக்கமே. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றப்பட்டது. 1911-க்குப் பின் அது சென்னை மாகாணத்திலும் அமுலாயிற்று. குறிப்பிட்ட வகுப்பில் பிறந்தவனைப் பிறப்பினாலேயே குற்றவாளி என்றது அந்தச் சட்டம். அதை எதிர்த்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் குண்டு பாய்ந்தது. சென்னையில் அச்சட்டம் 1947-இல் ஒழிந்தது; தேசம் முழுவதிலும் 1952-இல் ஒழிந்தது. ஏட்டில் ஒழிந்த சட்டம் நெஞ்சில் ஒழியவில்லை. திருப்பதிப் பக்கம் போகும் மலைவாசி ஒவ்வொருவனையும் செம்மரம் வெட்டுகிறவன் என்று சந்தேகிப்பது அதே சட்டத்தின் ஆவியன்றி வேறென்ன?

செய்ய வேண்டியவை

முதலாவதாக, நாம் நமக்கே ஒரு விதி செய்துகொள்ள வேண்டும். நியாயஸ்தலம் தீர்ப்பளிக்கும் வரையில் ஒருவனைக் குற்றவாளி என்று எந்தப் பத்திரிகையும் எழுதலாகாது. போலீஸார் கூறுவதைப் போலீஸார் கூறுவதாகவே எழுத வேண்டும். இறந்தவன் வீட்டுக்கு நிருபரை அனுப்பி, அவனைச் சேர்ந்தவர்கள் சொல்வதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். கைதைத் தலைப்பில் போட்டவர்கள் விடுதலையையும் தலைப்பில் போட வேண்டும்.

இரண்டாவதாக, ஸர்க்கார் இத்தகைய மரணங்களில் மாஜிஸ்டிரேட் விசாரணை அறிக்கைகளைக் காலதாமதமின்றி வெளியிட வேண்டும். அவற்றை மாண்டவரின் குடும்பத்தார் படிக்கக்கூடிய பாஷையில் வெளியிட வேண்டும். அலமாரியில் பூட்டிய அறிக்கையைக் கொண்டு யாரும் விவாதம் செய்ய இயலாது.

மூன்றாவதாக, மலைமக்களைப் பற்றிய கொள்கைகளை மலைமக்களுடன் கலந்தே வகுக்க வேண்டும். ஜமுனாமரத்தூரில் கிராம சபையைக் கூட்டி, வன உரிமை, கூலி, கடன், வெளியூர் வேலை ஆகியவற்றைப் பற்றி அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். 20 உயிர்கள் போனபின் குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்தது தமிழ்நாடு ஸர்க்கார். உயிரோடிருந்தபோது அவர்கள் எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு கிடைத்தது என்று யாரேனும் கணக்கெடுத்ததுண்டா?

நான்காவதாக, தேசத்தொண்டர்களாகிய உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் முழங்குவதைவிட மலையேறிச் செல்வது கடினம். ஆனால் பயன் அதில்தான் உண்டு. தரகன் சொல்லாத உண்மையை நீங்கள் போய்ச் சொல்லுங்கள். வனத்துக்குள் என்ன நடக்கிறது, பிடிபட்டால் என்ன கதி, சட்டம் தரும் உரிமை என்ன என்று சொல்லுங்கள். சொன்னபின் அவர்கள் தேர்ந்துகொள்ளட்டும். அடிவாரத்து ஊர்களுக்கும் போங்கள். கைப்பேசியில் வந்ததெல்லாம் மெய்யல்ல என்றும், அந்நியன் ஒருவன் வந்தால் முதலில் பெயர் கேட்பதே மனிதத் தன்மை என்றும் சொல்லுங்கள்.

சேஷாசலத்தில் மாண்டவர்கள் மரம் வெட்டப் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. அதைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அவர்களுடைய உரிமையைத் துப்பாக்கி பறித்தது. நம்முடைய உரிமையை அவசரமாக எழுதிய செய்தி பறித்தது. போனவர்களை மீட்க நம்மால் ஆகாது. அடுத்த முறை மலையிலிருந்து ஒரு சடலம் பற்றிய சேதி வரும்போது, 'யார் சொல்கிறார்கள், எதைக் கண்டு சொல்கிறார்கள், மறுதரப்பு என்ன சொல்கிறது' என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுப்பது நம் கையில் இருக்கிறது. அப்படிக் கேட்காத பத்திரிகையைக் கீழே வைத்துவிடுவது வாசகர்களாகிய உங்கள் கையில் இருக்கிறது.